இரண்டு பூட்டுப் போட்ட ஊசிப் பெட்டி

12.11.2007 திங்கள்

காலையிலிருந்து விட்டு விட்டு மழை. பாம்பனில் ஒன்றாம் நம்பர் புயல் கூண்டு ஏற்றியிருப்பதாக ரேடியோவில். பார்மசி வாசலில் கணுக்கால் அளவு தண்ணீர். யாருடைய காயத்திலிருந்தோ அவிழ்த்த கட்டுத்துணி ஒன்று அதில் மிதக்கிறது. மூன்று பேரிடம் சொன்னேன். மூன்று பேரும் அது தங்கள் வேலை இல்லை என்றார்கள். நானும் எடுக்கவில்லை, தாண்டிப் போனேன்.

கடைவாய்ப் பல் வலி. கிராம்பு வைத்தும் அடங்கவில்லை.

பத்து மணிக்கு மதுரையிலிருந்து வேன். ஒரு ஐஸ் பெட்டி, உள்ளே ஆன்டி-டி ஊசி பத்து குப்பி. நம் ஆஸ்பத்திரிக்கு இதுதான் முதல் தடவை. தாயின் ரத்தம் நெகட்டிவ், பிறந்த பிள்ளைக்கு பாசிட்டிவ் என்றால், பிரசவமான எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் தாய்க்குப் போட வேண்டும். போடாவிட்டால் இந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. அடுத்து உண்டாகும் பிள்ளைக்குத்தான் ஆபத்து. தாயின் ரத்தமே அதை வயிற்றில் வைத்து அழிக்கும்.

இந்த மருந்தை மனித ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கிறார்கள். வம்பு அங்கேதான் ஆரம்பம்.

ரத்த வங்கி டாக்டர் கணேசமூர்த்தி (இனி ர.வ. டாக்டர்) பெட்டியைத் தொடமாட்டேன் என்றார். கம்பெனி லேபிளோடு அட்டைப் பெட்டியில் வந்தால் அது மருந்து, மருந்து என்றால் பார்மசி, அதாவது நான். நான் சொன்னேன்: ரத்தத்திலிருந்து எடுத்தது ரத்தம், ரத்தம் என்றால் ரத்த வங்கி. அவர் ஒரு கடிதம் எழுதினார். நான் ஒரு கடிதம் எழுதினேன். என்னுடையது ஒன்றரைப் பக்கம். ‘மேற்படிப் பொருளின் மூலத்தைக் கருதுமிடத்து’ என்று ஆரம்பித்தேன், நன்றாக வந்திருந்தது.

நாங்கள் எழுதிக்கொண்டிருந்த நான்கு மணி நேரமும் பெட்டி இரண்டு அறைக்கும் நடுவே வராந்தா பெஞ்சில். ஐஸ் கரைந்து அடியில் சொட்டியது. ஒரு நோயாளி அதன்மேல் டீ கிளாஸை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கடைசியில் லேபர் வார்டு சிஸ்டர் மரியபுஷ்பம் வந்து யாரையும் கேட்காமல் தூக்கிக்கொண்டு போனாள். தன் வார்டு பிரிட்ஜில் வைத்துவிட்டாள், பின்னாலேயே போனேன்.

“தேவப்படுறது எங்களுக்குத்தான சார். இங்கனயே இருந்துட்டுப் போகுது” என்றாள்.

வார்டில் வைத்தால் யார் பொறுப்பு என்று கேட்டேன். அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். திமிர்.

எனக்கு ஏன் இவ்வளவு பயம் என்று இந்த நோட்டிலாவது எழுதி வைக்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன் கரண்ட் போய் பார்மசி பிரிட்ஜில் இருந்த தடுப்பூசி மொத்தமும் கெட்டது. கரண்ட் நிறுத்தியது நானில்லை. மெமோ எனக்கு. ஒரு வருஷம் பதில் எழுதியே தேய்ந்தேன். அன்றிலிருந்து குளிரில் வைக்க வேண்டிய எது வந்தாலும் யார் பொறுப்பு என்றுதான் முதலில் கேட்கிறேன்.

13.11 செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம். பல் வலி இடது காதுவரை.

மூன்று மணிக்கு சூப்பிரண்டு அறையில் கூட்டம். தீபாவளி முறுக்கு மிச்சம், நமுத்துப் போனது. எல்லோரும் தின்றோம்.

சூப்பிரண்டு ஓய்வு பெற ஏழு மாதம். அதற்குள் எதுவும் நடந்துவிடக் கூடாது என்பது ஒன்றுதான் அவர் கொள்கை. “யாராவது ஒருத்தர் எடுத்துக்கங்க” என்றார். ர.வ. டாக்டர் சட்டம் பேசினார். நான் பேசினேன். முக்கால் மணி நேரம். ஊசி யாருக்குப் போடுவது என்ற பேச்சே வரவில்லை.

அப்போதுதான் என் வாயில் வந்தது. நானே சொன்னேன், வேறு யாரும் சொல்லவில்லை.

“கோயில் உண்டியலுக்கு ரெண்டு பூட்டு போடுறாங்கள்ல சார். ஒரு சாவி ஆபீசர்கிட்ட, ஒரு சாவி தர்மகர்த்தாகிட்ட. ரெண்டு பேரும் இருந்தாத்தான் திறக்கும். அந்த மாதிரி வச்சுட்டா ஒருத்தர் தலையில விழாது.”

சூப்பிரண்டு முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். ர.வ. டாக்டர்கூட என்னைப் பார்த்துத் தலையாட்டினார். முதல் தடவையாக.

முடிவானது:

1. குப்பிகள் ரத்த வங்கி பிரிட்ஜில். ஜெனரேட்டர் அங்கேதான்.
2. பிரிட்ஜுக்குள் தகரப் பெட்டி. இரண்டு பூட்டு. ஒரு சாவி பார்மசி (நான்), ஒரு சாவி ர.வ. டாக்டர்.
3. வார்டு தரும் படிவத்தில் லேடி டாக்டர் கையெழுத்து, பிறகு ரத்த வங்கி முத்திரை, பிறகு பார்மசி பார்வை.
4. இருவரும் நேரில் இருந்து திறக்க வேண்டும்.
5. ரிஜிஸ்டர் பார்மசியில். பிறந்த நேரம், வழங்கிய நேரம், இரண்டு கையெழுத்து. இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் செல்லாது. (இதுவும் நான் சொன்னது.)

சிஸ்டர் மரியபுஷ்பம் கடைசி நாற்காலியில். எழுந்து ஒன்றே ஒன்று கேட்டாள். “வெள்ளி, சனியில புள்ள பொறந்தா எப்படி சார்?”

சூப்பிரண்டு, “வாரத்துல முன்னாடியே பெத்துக்கச் சொல்லுங்க சிஸ்டர்” என்றார். எல்லோரும் சிரித்தோம். எனக்குப் பல் வலியிலும் சிரிப்பு வந்தது.

14.11 புதன்

வெயில். வார்ட் பாய் வெல்டிங் கடையிலிருந்து பெட்டி கொண்டுவந்தான். கல்யாண வீட்டில் மொய்ப்பணம் போடுகிற பெட்டி, அதில் இரண்டாவது கொண்டியைப் பற்றவைத்திருக்கிறார்கள். பச்சை பெயின்ட் காயவில்லை. பிரிட்ஜைத் திறந்தால் ரத்தப் பைகளும் பெயின்ட் வாசனையும். குமட்டிவிட்டது.

பூட்டுகள் சின்னவை, சூட்கேஸுக்குப் போடுகிற மாதிரி.

ரிஜிஸ்டரை வீட்டுக்குக் கொண்டுவந்து கோடு போட்டேன். சிவப்பு மையில் தலைப்பு. பதினொரு கட்டம். கமலா பார்த்துவிட்டு, “கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கு” என்றாள். என் கையெழுத்தைப் பற்றி இந்த வீட்டில் ஒரு நல்ல வார்த்தை, இருபத்தாறு வருஷத்தில்.

கட்டுத்துணி இன்னும் அங்கேயே. தண்ணீர் வற்றித் தரையோடு ஒட்டிக் கிடக்கிறது.

15.11 வியாழன்

மறுபடி மழை. பல் டாக்டர் பிடுங்க வேண்டும் என்கிறார். அடுத்த வாரம்.

ஓ.பி.யில் கூட்டம். வாலிநோக்கத்து உப்பளக்காரர்கள் நாலைந்து பேர், பாதம் முழுக்க வெடிப்பு. களிம்பு தீர்ந்து பத்து நாள். வெளியே வாங்கிக்கொள்ளச் சொல்லிச் சீட்டு எழுதினேன். அதில் ஒருவர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் வராந்தாவில் யாரோ ஒருவன் கும்பிட்டான். முனியசாமி. திருப்புல்லாணிப் பக்கம் எங்கள் நிலத்தைப் பங்கு வாரத்துக்கு உழுகிற கருப்பையாவின் மகன். பெண்டாட்டி பஞ்சவர்ணத்துக்கு வலி, சேர்த்திருக்கிறானாம். தலைப்பிரசவம்.

“நீங்க இங்கன இருக்கீகன்னுதான் அய்யா இங்க கொண்டாரச் சொன்னாரு” என்றான். அய்யா என்றது அவன் அப்பாவை.

பயப்படாதே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பஞ்சவர்ணத்தின் கேஸ் ஷீட்டை எட்டிப் பார்த்தேன். ரத்த வகை: ஓ நெகட்டிவ்.

16.11 வெள்ளி

காலை 10.40. பெண் குழந்தை. சுகப்பிரசவம். முனியசாமி பார்மசி ஜன்னலுக்கே வந்து ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தான். பல் வலியோடு ஒதுக்கி ஒதுக்கிச் சாப்பிட்டேன்.

தொப்புள்கொடி ரத்தத்தைப் பதினோரு மணிக்கே சிஸ்டர் ரத்த வங்கிக்கு அனுப்பிவிட்டாள், பிள்ளையின் வகை பார்க்க. ஐந்து நிமிஷ வேலை. ஆபரேஷன் கேஸுக்குத்தான் உடனே பார்ப்பார்களாம், வார்டு சாம்பிளுக்கு மறுநாள். எப்போதிலிருந்து இந்த விதி என்று கேட்டாளாம். “எப்பவும்” என்றார்களாம்.

முனியசாமியிடம் நான்தான் விளக்கினேன். பிள்ளைக்கு பாசிட்டிவ் என்றால் ஊசி போட வேண்டும், அது அடுத்த பிள்ளைக்காக.

அவன் வெட்கப்பட்டுச் சிரித்தான். “இன்னும் உண்டாகவே இல்லாத புள்ளைக்கு இப்பவே ஊசியாய்யா?”

எண்ணிப் பார்த்தேன். திங்கள் காலை 10.40 வரை நேரம் இருக்கிறது. தாராளம்.

17.11 சனி

கார்த்திகை ஒன்று. ரத்த வங்கி டெக்னீசியன் பாண்டி மாலை போட்டுக்கொண்டு பதினோரு மணிக்கு வந்தான். நேற்றுவரை ‘ஏலே பாண்டி’. இன்றிலிருந்து சாமி. சாமி டெஸ்ட் பார்த்து, 12.45க்கு ரிசல்ட். பிள்ளை பாசிட்டிவ்.

1.05க்கு சிஸ்டர் படிவத்தோடு என் ஜன்னலில். சனிக்கிழமை ஒரு மணிக்கு மூடவேண்டும். குடையைக் கையில் எடுத்துவிட்டேன். படிவத்தைப் பார்த்தேன். லேடி டாக்டர் கையெழுத்து இருந்தது. ரத்த வங்கி முத்திரை இல்லை.

“முத்திரை?” என்றேன்.

“டாக்டர் அங்கனதான் இருக்காரு சார். நீங்க சாவியோட வாங்க, போற வழியில போட்டுக்கலாம்.”

“முதல்ல முத்திரை, அப்புறம்தான் என் பார்வை. வரிசை அதுதான் சிஸ்டர்.”

என் ஜன்னலிலிருந்து ரத்த வங்கி முப்பது அடி. கூடப் போயிருக்கலாம். போகவில்லை. வரிசை முக்கியமாகப் பட்டது. அவள் போய் முத்திரை வாங்கிக்கொண்டு திரும்ப இருபது நிமிஷம், முத்திரை வேறு பீரோவில் இருந்ததாம். நான் சாவியை எடுத்துக்கொண்டு போனபோது ர.வ. டாக்டர் ஒன்றரை மணி பஸ்ஸுக்குக் கிளம்பியிருந்தார். வீடு மதுரையில். சாவி அவர் வீட்டுச் சாவிக் கொத்தில். செல்போன் தொடர்பு எல்லைக்கு வெளியே.

சிஸ்டர் படிவத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், ஆறியிருக்கும்.

திங்கள் காலை ஒன்பதுக்கு வந்துவிடுவார் என்றேன். வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். வாழைக்காய்ப் பொரியல். தூங்கினேன்கூட.

18.11 ஞாயிறு

மூடிய வானம். திருப்புல்லாணியில் தங்கை பேத்திக்குக் காதுகுத்து. இரண்டாவது பந்தியில் பாயாசத்துக்கு வந்தபோது வாசலைப் பார்த்தேன். செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் முனியசாமி. உள்ளே வரவில்லை. என்னைப் பார்த்ததும் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான். கை கழுவிவிட்டுப் போனேன்.

“சிஸ்டர் சொன்னாக. சாவி ஒங்ககிட்ட இருக்காம்ல.”

“ஒரு சாவிதான்.”

“ஒன்னு போதாதாங்கய்யா?”

மைத்துனன் மோட்டார் சைக்கிளில் முனியசாமியையும் ஏற்றிக்கொண்டு போனேன். மூன்று மணிக்கு ஆஸ்பத்திரி. ரத்த வங்கியில் பாண்டி மட்டும். பிரிட்ஜைத் திறந்தான். பச்சைப் பெட்டியை எடுத்து மேஜையில் வைத்தான். என் பூட்டைத் திறந்தேன். மற்றது தொங்கியது.

பாண்டிதான் சொன்னான். “ஒரு தட்டு தட்டினா வந்துரும் சார். அந்தா இருக்கு.” ஆக்சிஜன் சிலிண்டர் திறக்கிற ஸ்பேனர் சுவரோரம் சாய்ந்திருந்தது.

“தட்டு சாமி” என்றேன்.

“நான் தட்டுதேன். ஆனா நீங்க சொல்லித்தான் ஒடைச்சேன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துருங்க சார். எனக்கு ரெண்டு புள்ளைக.” நல்ல மரியாதையாகச் சொன்னான். வெள்ளைத்தாளைக்கூட எடுத்து வைத்தான்.

சூப்பிரண்டுக்கு போன் அடித்தேன். பின்னால் நாதஸ்வரச் சத்தம். “ரெண்டு பூட்டு உங்க ஐடியாதானே. டாக்டர் வரட்டும். நான் இதுல ஒன்னும் சொல்லலை, சொன்னதா எழுதிறாதீங்க.”

பேனாவை எடுத்தேன். தேதி எழுதினேன். 18.11.2007. அதற்குமேல் கை போகவில்லை. மெமோ ஞாபகம். பாதுகாப்புப் பெட்டியை உடைத்த பார்மசிஸ்ட், மிச்சம் ஒன்பது குப்பிக்கு யார் பொறுப்பு, பெயின்ட் பேர்ந்ததற்கு யார் பொறுப்பு. எல்லாக் கேள்வியும் எனக்கே தெரிந்தது. நான் எழுதக்கூடிய கேள்விகள்தான் அவை.

போன திங்களன்று ஒன்றரைப் பக்கம் எழுதினவன். இன்று ஒரு வரி.

தாளைக் கசக்கிச் சட்டைப் பையில் போட்டேன். “நாளைக்கு ஒம்பது மணிக்கு டாக்டர் வந்துருவாரு. பத்து நாப்பது வரைக்கும் நேரம் இருக்கு” என்று கதவுப்பக்கம் பார்த்துச் சொன்னேன்.

முனியசாமி அங்கே நின்றுகொண்டிருந்தான். ஸ்பேனர், பெட்டி, தாள், எல்லாவற்றையும் பார்த்திருப்பான். “சரிங்கய்யா. நீங்க விருந்த விட்டுட்டு வந்தீகளே, அதுவே பெருசு” என்றான்.

என் பூட்டை மறுபடி பூட்டினேன். இழுத்துப் பார்த்தேன், சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று. அப்படி ஒரு பழக்கம்.

வீட்டுக்கு வந்து வாந்தி. கமலா காதுகுத்துச் சாப்பாடு சேரவில்லை என்கிறாள். சோடா வாங்கி வந்தாள். என்மேல் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. எழுதினால் குறையும் என்று பார்த்தேன், இல்லை.

19.11 திங்கள்

நல்ல மழை. ஏழரைக்கே ஆஸ்பத்திரி போய்விட்டேன். எட்டு. ஒன்பது. ர.வ. டாக்டர் வரவில்லை. ஒன்பதேகாலுக்கு அவரே போன். வழியில் தரைப்பாலத்தில் தண்ணீர், பஸ் நிற்கிறது.

பாண்டியிடம் போய், இப்போது எழுதித் தருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஒன்றரை மணி நேரமாக இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இதோ வந்துவிடுவார், இதோ வந்துவிடுவார் என்று ஜன்னல் வழியே கேட்டையே பார்த்தேன். இருமல் மருந்து கேட்டவருக்குக் காது சொட்டு மருந்து கொடுத்திருக்கிறேன். நல்லவேளை, அவரே படித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்.

10.40 ஆனது. ஒன்றும் நடக்கவில்லை. பஞ்சவர்ணம் கட்டிலில் உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாளாம். ஒரு வலி இல்லை, காய்ச்சல் இல்லை. யாரும் ஓடிவரவில்லை. இந்த ஊசியில் அதுதான் வசதி, தப்பு செய்தவனுக்கு அன்றைக்கு எதுவும் தெரியாது.

டாக்டர் 12.05க்கு நனைந்துகொண்டு வந்தார். இரண்டு சாவி. இரண்டு பூட்டு. 12.20க்கு சிஸ்டர் ஊசி போட்டாள்.

பிறகு ரிஜிஸ்டர். டாக்டரும் சூப்பிரண்டும் என் மேஜைக்கே வந்தார்கள். இருவரும் சேர்ந்து பார்மசிக்கு வந்து நான் பார்த்ததில்லை. நான் பெயர், வயது, வகை, பிறந்த நேரம் எல்லாம் எழுதி, ‘வழங்கிய நேரம்’ கட்டத்துக்கு வந்தேன்.

“10.20னு போட்டுருங்க” என்றார் சூப்பிரண்டு, குடையை மடக்கிக்கொண்டே.

“கொஞ்சம் லேட்டானாலும் ஊசி வேலை செய்யும். பேஷண்டுக்கு ஒன்னும் ஆகாது. கட்டத்துல லேட்னு இருந்தா நாளைக்கு நம்ம ரெண்டு பேருக்கும்தான் தொல்லை” என்றார் டாக்டர்.

வேலை செய்யும் என்றால் உள்ள நேரத்தையே போடலாமே என்று நான் கேட்கவில்லை. 10.20 என்று எழுதினேன். சிவப்புக் கோட்டுக்குள் அழகாக உட்கார்ந்தது. நான் கையெழுத்து, அவர் கையெழுத்து. முதல் வரி.

அவர்கள் போனபின் சிஸ்டர் கேஸ் ஷீட்டில் எண் குறித்துக்கொள்ள வந்தாள். ரிஜிஸ்டரைப் பார்த்தாள். 10.20 மேல் விரலை வைத்தாள்.

“லேட்டாப் போட்டோம்னு இருந்தா அடுத்த தடவ உண்டானவொடனே சந்தேகப்பட்டு ரத்தத்த டெஸ்ட் எடுப்பாங்க சார். நேரத்துக்குப் போட்டாச்சுன்னு இருந்தா ஒருத்தரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. போடாம விட்டதக்கூட மன்னிச்சுரலாம். இதத்தான் என்னால...” என்று நிறுத்திக்கொண்டாள்.

ரிஜிஸ்டரை மூடி வைத்தேன்.

20.11 செவ்வாய்

மழை விட்டது. கூண்டை இறக்கிவிட்டார்களாம். படகுகள் கடலுக்குப் போகின்றன. கமலா மார்க்கெட்டில் மீன் வாங்கிவரச் சொன்னாள், மறந்துவிட்டேன்.

சூப்பிரண்டு சுற்றறிக்கை. ‘கூட்டுப் பொறுப்பு முறையின் கீழ் முதல் ஊசி உரிய நேரத்தில் வழங்கப்பட்டது. சம்பந்தப்பட்ட பிரிவுகளுக்குப் பாராட்டு.’ என் பெயர் முதலில்.

மதியம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இந்த முறை நன்றாக இருக்கிறதே, பாம்புக்கடி மருந்தையும் அந்தப் பெட்டியில் வைத்துவிட்டால் என்ன? அதுவும் குதிரையின் ரத்தத்திலிருந்து எடுப்பதுதானே? கடிதம் தயார் செய்யுங்கள், உங்கள் நடை நன்றாயிருக்கிறது.

“பாம்பு கடிச்சவன் பெட்டி திறக்கிற வரைக்கும் இருக்கமாட்டான் சார்” என்றேன்.

“அதான் ரெண்டு சாவி இருக்கே” என்றார்.

அவர் விளையாட்டாகச் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. மேஜை டிராயரிலிருந்து முறுக்கு எடுத்து நீட்டினார். போன வாரத்து முறுக்கு. வேண்டாம் என்றேன். கடிதம் எழுதவில்லை, எழுதப்போவதும் இல்லை. எழுதமாட்டேன் என்று அவர் முகத்துக்கு நேரே சொல்ல வாய் வரவில்லை.

வரும்போது அந்தக் கட்டுத்துணியைக் குச்சியால் எடுத்துத் தொட்டியில் போட்டேன். எட்டு நாள். புழு வைத்திருந்தது.

21.11 புதன்

வெயில். பல் பிடுங்கவில்லை, நாளை.

பஞ்சவர்ணம் டிஸ்சார்ஜ். பதினோரு மணிக்கு வார்டுக்குப் போனேன். ஏன் போனேன் என்று தெளிவாகத் தெரியவில்லை. முனியசாமியிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன், எதை, எப்படி என்று யோசிக்கவில்லை.

சிஸ்டர் மரியபுஷ்பம் மேஜையில் டிஸ்சார்ஜ் அட்டை. சிவப்பு மையில் எழுதியிருந்தாள், பெரிய எழுத்தில்: ஆன்டி-டி போட்ட நேரம் 19.11.07 பகல் 12.20. 72 மணி நேரம் கடந்து போடப்பட்டது. அடுத்த கர்ப்பத்தில் ஆரம்பத்திலேயே ரத்தப் பரிசோதனை அவசியம். கீழே அவள் கையெழுத்து.

அதன் பக்கத்தில் இன்னொரு கோடு போட்டு காலியாக விட்டிருந்தாள்.

“நீங்க வருவீங்கன்னு தெரியாது. ஆனாலும் எடம் விட்டு வச்சேன்” என்றாள். “ரெண்டு கையெழுத்து இல்லாட்டி செல்லாதுல்ல சார்?”

கிண்டலாகச் சொல்லவில்லை. அதனால்தான் தாங்கமுடியவில்லை. வெளியே இரண்டு பேர் ஸ்ட்ரெச்சர் தள்ளிக்கொண்டு போனார்கள், அது போகிறவரை நின்றேன். கையெழுத்துப் போட்டேன். பெயர், பதவி, தேதி.

ஆக ஒரே ஊசிக்கு இரண்டு நேரம். ஆபீசில் 10.20, அட்டையில் 12.20. இரண்டிலும் என் கையெழுத்து. ஆடிட்டில் யாராவது சேர்த்துப் பார்த்தால் நான் தொலைந்தேன். பார்க்கட்டும் என்று இப்போது எழுதுகிறேன். நாளைக்கு எப்படி இருக்குமோ தெரியாது.

ரிஜிஸ்டரைத் திருத்தவில்லை. அதற்கு அந்த டாக்டரும் கையெழுத்துப் போட வேண்டும். அந்த விதியும் நான் போட்டதுதான்.

முனியசாமி அட்டையை வாங்கி, ரேஷன் கார்டு வைத்திருக்கிற பிளாஸ்டிக் பையில் பத்திரமாகச் சொருகினான். பஞ்சவர்ணம் பிள்ளையைத் துணியில் சுற்றித் தோளில் போட்டிருந்தாள். வராந்தாவரை கூடப் போனேன்.

“அடுத்து உண்டானா மொத மாசமே இந்த அட்டையக் காட்டணும். ஊசி லேட்டாப் போட்டதுன்னு சொல்லணும். நாங்கதான் லேட்டாக்கினோம். வெளங்குதா?”

“சரிங்கய்யா.”

“மதுரைக்குப் போ. பெரிய ஆஸ்பத்திரிக்கு. இங்கன வராத.”

அவன் பெண்டாட்டியைப் பார்த்தான். ஏதோ கோபத்தில் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டான்போல. துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கும்பிட்டான்.

“மதுரையில எங்களுக்கு யாருங்கய்யா இருக்கா” என்றான். “இங்கன நீங்க இருக்கீகள்ல.”